சார்ஜர் முனையில் ஒரு தோல் துண்டு

இருபத்தெட்டாம் சைஸ் பூட்ஸின் நாக்கைச் சேவ் பண்ணப் போகும்போது லேப்டாப் மறுபடியும் செத்தது. சத்தம் போட்டுச் சாகிற ரகம் இல்லை அது. திரையில் ஒரு குழந்தைப் பூட்ஸ் பச்சைக் கோடுகளாக விரிந்து நின்றது, மெர்சி கையைக் கொண்டுபோனாள், அடுத்த கணம் கறுப்புக் கண்ணாடியில் அவள் முகமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் திட்டவில்லை. திட்டிப் பார்த்ததெல்லாம் போன வருடத்தோடு முடிந்துபோனது. சார்ஜர் பின்னை உருவினாள். லேப்டாப்பைக் கவிழ்த்துப் பேட்டரியைக் கழற்றினாள். பவர் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு மனதுக்குள் ஒரு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொன்னாள். ஆமென் வந்ததும் விரலை எடுத்தாள். பேட்டரியை மாட்டி, பின்னைச் செருகி, லேப்டாப்பின் இடது பக்கத்தைச் சுவரோடு சாய்த்து மறுபடி அமுக்கினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு உள்ளே இருந்த ஃபேன் தொண்டையைச் செருமிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

எதிர் மேஜையில் அட்டை வெட்டிக்கொண்டிருந்த கௌசர் தலையைத் தூக்காமலே சொன்னாள். "உன் மாதாவுக்குத்தான் அது கட்டுப்படுது. நான் பிஸ்மில்லா சொல்லிப் பாத்தேன், ஒரு லைட்டு கூட எரியல."

"நீங்க அவசரப்பட்டு கைய எடுத்துர்றீங்கக்கா."

"நான் எடுக்கல. அதுக்கு என்னைப் புடிக்கல."

ஆம்பூரில் பைபாஸை ஒட்டி இருந்த அந்த ஷூ கம்பெனியில், தோல் வெட்டுவதற்கான அளவுகளை வரைகிற பேட்டர்ன் ரூமில் அந்த லேப்டாப்பை உயிர்ப்பிக்கத் தெரிந்த ஒரே ஆள் மெர்சிதான். அடுத்த அறையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால், ஏசி காற்றில், நான்கு பையன்கள் பெரிய திரைகளில் புது சாஃப்ட்வேரில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பழையதில் ஏதாவது சந்தேகம் என்றால் மட்டும் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பார்கள். பழைய சாஃப்ட்வேரைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனியை மூடிப் பல காலம் ஆகிவிட்டது. அதன் லைசென்ஸ் இந்த ஒரு லேப்டாப்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. வேறு எதில் போட்டாலும் திறக்காது. மொத்தமாக வாங்குகிற ஒரு ஜெர்மன் பையருக்கு வருடா வருடம் போகிற குழந்தைகள் பூட்ஸின் பேட்டர்ன் முழுவதும் இதற்குள்தான் இருந்தது. கண்ணாடி அறைப் பையன்களில் யாரையாவது இதைக் கற்றுக்கொள்ளச் சொன்னால் மரியாதையாகச் சிரிப்பார்கள். செத்துப்போன சாஃப்ட்வேரைக் கற்றுக்கொண்டு எந்தக் கம்பெனியில் போய் வேலை கேட்பது என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். மெர்சி அவர்கள் வயதில் இருந்தபோது அவளுக்கு இப்படிக் கவலைப்படத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

லேப்டாப்பின் நோய் இரண்டு வருடத்துக்கு முன் தொடங்கியது. சார்ஜர் பின் நுழைகிற ஓட்டை தளர்ந்துபோய், யாராவது மேஜையில் கையை ஊன்றினால்கூட கரண்ட் விட்டுப்போகும். பேட்டரி அதற்கு முன்பே பெயருக்குத்தான் இருந்தது. ஐடி பார்க்கிற ஜீவா வந்து பார்த்தான். அவனுக்கு எல்லா வியாதிக்கும் ஒரே பெயர்தான், மதர்போர்டு. புது அடாப்டர் வாங்கிக் கொடுத்தார்கள், சரியாகவில்லை. யூபிஎஸ் லைனுக்கு மாற்றிப் பார்த்தார்கள், சரியாகவில்லை. கடைசியில் மெர்சிதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். தரையில் கிடந்த லைனிங் தோலில் ஒரு விரல்நகம் அளவுக்கு வெட்டி, ஓரம் சீவுகிற மெஷினில் கொடுத்து வெங்காயத் தோல் மாதிரி ஆக்கி, பின்னுக்குக் கீழே அந்த ஓட்டைக்குள் செருகினாள். பின் அசையாமல் கச்சிதமாக உட்கார்ந்தது. லேப்டாப் நாள் முழுவதும் ஓடியது. அன்று மொத்த பேட்டர்ன் ரூமும் வந்து பார்த்துவிட்டுப் போனது. மாஸ்டர் ஒருவர், தோல் வேலை தெரிந்தவன் கம்ப்யூட்டருக்கும் வைத்தியம் பார்ப்பான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தத் துண்டு விறைத்துப்போகும்போதெல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு மெர்சி புதிதாக ஒன்று சீவி வைப்பாள். ஆனாலும் நோய் மெல்ல மெல்ல முற்றிக்கொண்டுதான் வந்தது. முதலில் பின்னை அமுக்கினால் போதும் என்றிருந்தது, பிறகு சாய்த்து வைக்க வேண்டியிருந்தது, பிறகு பேட்டரியைக் கழற்ற வேண்டியிருந்தது. இப்போது ஜெபமும் சேர்ந்துவிட்டது.

இதெல்லாம் வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆனால் மெர்சியின் குடும்பம் இப்போது ஆம்பூரில் இல்லை. அவள் புருஷன் அந்தோணி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பாகங்கள் செய்கிற கம்பெனிக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. இந்த ஜூனில் மகள் கிறிஸ்டினாவுக்கு அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. கிறிஸ்டிக்கு எட்டு வயது. பள்ளிக்கூடம் திறக்கிற நாளுக்கு அந்தோணி வந்து மகளை முன்னால் கூட்டிக்கொண்டு போனான். மெர்சி ஒரு வாரத்தில் வந்துவிடுவதாகப் பேச்சு. அங்கே ஒரு ஷூ கம்பெனியில் அவளுக்கு வேலையும் பேசி வைத்திருந்தார்கள். ஒரு வாரம் ஒரு மாதமாகி, போய்ப் பார்த்துவர ஒரு ஞாயிறுகூடக் கிடைக்காமல், மழை தொடங்கி, இப்போது கடைகளில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கவிட்டுவிட்டார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்து, அப்பன் ஷிப்ட் முடிந்து வரும்வரை, பக்கத்து வீட்டு அமிர்தவள்ளியின் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ஆரம்பத்தில் போனில் அழுதது. எப்பம்மா வருவே என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தது. இப்போதெல்லாம் மெர்சி என்ன சொன்னாலும் "சரிம்மா" என்கிறது. அழுகையைக்கூடத் தாங்கிக்கொண்டாள். அந்தச் சரிம்மாவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவளைப் பிடித்து வைத்திருந்தவர் முதலாளி வக்கார் அகமது. பிடித்து வைத்திருந்தார் என்று சொன்னால் அவரே வருத்தப்படுவார், ஏனென்றால் அவர் ஒருநாளும் போகாதே என்று சொன்னதில்லை. ஜூனில் அவள் போய் நின்றபோது எழுந்து நின்று பேசினார். "பொண்ணு படிப்புதான் மெர்சி முக்கியம். நான் தடுப்பனா? இந்த சீசன் ஆர்டருக்கு மட்டும் கிரேடிங் முடிச்சு குடுத்துட்டுப் போ. அடுத்த சீசன் இந்த லேப்டாப்ப நம்பி நான் ஆர்டருக்குக் கை நீட்ட மாட்டேன். இத்தோட இதை மூடிடலாம்." ஒரு சைஸில் போட்ட பேட்டர்னைக் கூட்டியும் குறைத்தும் மற்ற எல்லாச் சைஸுக்கும் வரைவதுதான் கிரேடிங். ஒழுங்காக ஓடுகிற மெஷினில் சில வார வேலை. ஓட வேண்டிய மெஷின் இப்படி நாளெல்லாம் செத்துப் பிழைத்தால் கணக்கே வேறு.

கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டுவிட்டாவது போயிருப்பாள். தையல் லைனில் குனிந்து உட்கார்ந்திருந்த பெண்ணை, கை சுத்தமாக இருக்கிறது என்று பேட்டர்ன் ரூமுக்கு மாற்றியவர் அவர்தான். சென்னைக்கு அனுப்பி இந்த சாஃப்ட்வேரைக் கற்றுக்கொள்ள வைத்தவரும் அவர்தான். அவள் அம்மா செத்தபோது கல்லறைத் தோட்டத்தில் மழையில் குடை இல்லாமல், கடைசிப் பிடி மண் விழும்வரை நின்றவர். அப்படிப்பட்டவர் இன்னும் கொஞ்ச நாள்தானே என்று கேட்கும்போது முடியாது என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். மெர்சிக்கு அந்த வாயைக் கொடுக்க ஆண்டவன் மறந்துவிட்டான்.

அந்தோணிக்கு இதெல்லாம் புரியாது, அல்லது புரிந்து சலித்துவிட்டது. "அந்த எழவு லேப்டாப்ப தூக்கிப் பாலாத்துல போட்டுட்டு வா" என்று முந்தின நாள் கத்தினான். கத்திவிட்டு, கிறிஸ்டி பக்கத்தில் இருக்கிறாள் என்று குரலைத் தாழ்த்தினான். "இங்க உனக்குப் பேசி வச்ச ஷூ கம்பெனிக்காரன் இந்த மாசத்துக்கு மேல இடத்த வைக்க மாட்டானாம் மெர்சி. சொல்லிட்டான்." அவளுக்கு அப்போது கண்ணீருக்குப் பதிலாக ஒரு வைராக்கியம்தான் வந்தது. இந்தச் சனியனைச் சரிபண்ணி, வேலையை முடித்து, யார் முகத்திலும் விழிக்க வெட்கப்படாத மாதிரி நேராக வெளியே போவது என்று முடிவு செய்தாள்.

நாக்கைச் சேவ் பண்ணும்போது லேப்டாப் செத்த அன்று மதியமே வக்கார் சாரிடம் கேட்டு, லேப்டாப்பை வெளியே கொண்டுபோகக் கேட் பாஸ் வாங்கினாள். பஜாரில் ஆபித் பாஷா என்று ஒருவர் பழைய லேப்டாப்புகளைச் சரி செய்கிறார் என்று கௌசர் சொல்லியிருந்தாள். கௌசரின் மருமகன் கடைக்கு இரண்டு கடை தள்ளி. சாப்பாட்டுப் பைக்குள் ஒரு துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். காவலர் வேதாசலம் பாஸை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். வெளியே போய்த் திரும்பி வரவேண்டிய சாமான்களுக்கு ரிட்டர்னபிள் என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் உண்டு.

"இதுக்கு ரிட்டர்னபிள் போட்டிருக்குது," என்றார். "உனக்கு ஒண்ணும் போடலியேம்மா. அப்டியே பஸ் ஏறிடப் போற."

"ஏறிட்டா இத யார்ணே திரும்பக் கொண்டாருவாங்க?"

"அதானே," என்று அவர் சிரித்து வழிவிட்டார். மெர்சியும் சிரித்தாள். பஸ் ஸ்டாண்டு வழியாகத்தான் பஜாருக்குப் போக வேண்டும். வேலூர், வாலாஜா, காஞ்சிபுரம் என்று கத்திக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிற ஒரு பஸ் கிளம்பத் தயாராக நின்றது. அவள் அதைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டு, மழைத் தண்ணீர் தேங்கிய பள்ளங்களைத் தாண்டித் தாண்டி நடந்தாள்.

ஆபித் பாஷாவின் கடை ஒரு ஆள் திரும்பினால் இன்னொரு ஆள் நகர வேண்டிய அளவு. சுவர் முழுவதும் செத்த லேப்டாப்புகள் முதுகைக் காட்டிக்கொண்டு அடுக்கி இருந்தன. அவருக்கு நாற்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், பேச்சும் மெலிவுதான். லேப்டாப்பைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, பழைய சிநேகிதனைப் பார்த்தது போல. முதலில் அடாப்டரின் முனையில் மீட்டரை வைத்துப் பார்த்தார். "கரண்டு ஒழுங்கா வருது. அடாப்டர் நல்லாருக்கு." பேட்டரியைக் கழற்றிப் பார்த்து உதட்டைப் பிதுக்கி ஓரமாக வைத்தார். பேட்டரி இல்லாமலே பின்னைச் செருகி ஆன் செய்தார், விளக்கு எரிந்து அணைந்தது. பின்னை லேசாக ஆட்டினார், எரிந்து அணைந்தது. "அப்ப பேஜாரு உள்ளதான்" என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி ஒரு தட்டில், இருந்த இடத்தின் வரிசையிலேயே வைத்தார். மெர்சிக்கு அந்த ஒழுங்கு பிடித்திருந்தது. பேட்டர்ன் ரூமிலும் அப்படித்தான் துண்டுகளை வைப்பார்கள்.

மூடி வந்ததும் விளக்கை இறக்கி, சார்ஜர் ஓட்டைப் பக்கம் குனிந்தவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை. பிறகு லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். ஓட்டைக்குப் பின்னால் இருந்த சின்ன உலோகப் பெட்டி முழுவதும் பச்சை பூத்திருந்தது. பாசி மாதிரி, விரலால் தொட்டால் உதிரும் பச்சை. அதன் காலில் ஒன்று அரித்தே போய்விட்டது.

"இது தண்ணி பட்டதில்லக்கா. தண்ணி பட்டா இப்டி ஒரு எடத்துல மட்டும் புடிக்காது. இன்னா வச்சீங்க இதுல?"

மெர்சிக்கு அந்தக் கணமே தெரிந்துவிட்டது. "தோலு," என்றாள்.

"எந்தத் தோலு?"

"குரோம் லைனிங்."

ஆபித் பாஷா ஒரு பிரஷ்ஷைத் தேடி எடுத்தார். ஆம்பூர்க்காரர், அவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. குரோம் போட்டுப் பதனிட்ட தோலுக்குள் உப்பும் அமிலமும் கொஞ்சம் தங்கியே இருக்கும், மழைக் காற்றில் ஈரம் வாங்கும், பக்கத்தில் இருக்கிற உலோகத்தைப் பச்சையாக்கிவிடும். செருப்புக்கு பக்கிள் வைத்துப் பெட்டியில் அடுக்கும்போது பக்கிளுக்கும் தோலுக்கும் நடுவில் டிஷ்யூ பேப்பர் வைப்பது அதற்குத்தான். பேக்கிங்கில் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு முதல் நாள் சொல்லிக் கொடுக்கிற பாடம். மெர்சியே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். பச்சை பிடித்து பையர் திருப்பி அனுப்பிய சாமான்களை மலை மாதிரி பார்த்தும் இருக்கிறாள். அப்படிப்பட்டவள் தன் கையாலேயே அந்தத் தோலை எடுத்து, நேர்த்தியாகச் சீவி, கரண்டு போகிற இடத்தில் திணித்திருக்கிறாள். அது விறைக்க விறைக்கப் புதிதாக வேறு மாற்றி மாற்றி வைத்திருக்கிறாள். நோய் முற்றியது வயதாகி அல்ல. மருந்தே அதைத் தின்றிருக்கிறது. ஜூனிலிருந்து இந்த வருடத்தை யாரோ தன்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். பிடுங்கிய கை இதோ, இந்தக் கைதான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தன்னையே ஓங்கி அறைந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"விடுங்கக்கா," என்றார் ஆபித் பாஷா. "இந்த ஜாக் என்கிட்ட இருக்குது. இதே மாடல் ஒண்ணு ஸ்கிரீன் ஒடஞ்சு கெடக்குது, அதுலேர்ந்து எடுத்துடலாம். அதோட பேட்டரியும் தேவலாம்." பச்சையைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினார். பழையதை உருக்கி எடுத்து, புதியதை வைத்து ஈயப் பற்று போட்டார். புகை நேராக மேலே போனது. மூடியைப் பூட்டிப் பேட்டரியை மாட்டி, சார்ஜர் இல்லாமலே பட்டனைத் தொட்டார். தொட்டதுதான் தாமதம், லேப்டாப் எழுந்துகொண்டது.

"எடுத்துப் பாருங்க," என்று அவள் கையில் கொடுத்தார். மெர்சி வாங்கினாள். இந்த இரண்டு வருடத்தில் அந்த லேப்டாப் ஓடும்போது அவள் அதை மேஜையிலிருந்து தூக்கியதே இல்லை. தொட்டால் செத்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். இப்போது ஒயர் இல்லாமல், சுவர் இல்லாமல், அவள் கையில் வெதுவெதுப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை ஏந்திக்கொண்டு கடை வாசல்வரை இரண்டடி நடந்தாள். திரும்பி வந்தாள். அணையவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சின்ன ஸ்டூலில், பஜார் சத்தத்துக்கு நடுவில், காலையில் செத்துப்போன இருபத்தெட்டாம் சைஸின் நாக்கை வரைந்து முடித்துச் சேவ் பண்ணினாள்.

"எவ்ளோ நாளு வரும் பாய்?"

"அஞ்சு வருசம் கண்ண மூடிகினு ஓடும்க்கா. அந்தக் காலத்து செட்டு, இரும்பு. இப்ப வர்றதெல்லாம் அப்பளம்."

மறுநாள் காலையில் கௌசரைக் கூப்பிட்டுப் பட்டனை அமுக்கச் சொன்னாள். கௌசர் பயந்து பயந்து அமுக்கினாள். விளக்கு எரிந்தது. "அல்லா, என்னையும் மதிச்சுடுச்சு" என்று அவள் கண்ணாடி அறைப் பையன்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னாள். அன்றிலிருந்து மெர்சி குனிந்த தலை நிமிரவில்லை. மாதக்கணக்கில் இழுத்த வேலை அந்த வாரத்துக்குள் முடிந்தது. கடைசிச் சைஸின் கடைசித் துண்டைச் சேவ் பண்ணிவிட்டு, அந்தோணிக்குப் போன் போட்டு, சனிக்கிழமை சாமானோடு வருவதாகச் சொன்னாள். "இந்தா, பொண்ணுகிட்ட நீயே சொல்லு" என்று போனைக் கொடுத்தான். கிறிஸ்டி கேட்டுக்கொண்டு, "நெஜமாவாம்மா?" என்றாள். சரிம்மா என்று சொல்லவில்லை. அதற்கே மெர்சி பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வர வேண்டியிருந்தது.

லேப்டாப்பை ஒப்படைக்க வக்கார் சாரின் அறைக்கு அவளே எடுத்துக்கொண்டு போனாள். உள்ளே இஷ்தியாக் அகமது உட்கார்ந்திருந்தார். சென்னையில் இருந்துகொண்டு ஜெர்மன் பையருக்காக ஆர்டர் பேசுகிறவர். மேஜையில் குழந்தைகள் பூட்ஸ் ஒரு ஜோடி, இரண்டு டீ. வக்கார் சார் முகத்தில் களை இல்லை. அடுத்த சீசன் குழந்தைகள் பூட்ஸ் எடுக்க முடியாது என்று சொல்லத்தான் அவரை வரச் சொல்லியிருந்தார் என்பது மெர்சிக்குத் தெரியும். வாசலில் நின்றவளை உள்ளே வரச் சொன்னார்.

"முடிஞ்சுதா மெர்சி?"

"முடிஞ்சுது சார்."

"அது தொல்ல பண்ணலியா?"

இந்த ஒரு கேள்விக்கு இல்லை சார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் இரண்டு வருடம் அதோடு மல்லுக்கட்டியவளுக்கு, அதை ஜெயித்ததை ஒருவரிடமாவது காட்ட வேண்டாமா? லேப்டாப்பைத் திறந்து, ஒயர் இல்லாமல் பட்டனைத் தொட்டு, ஓடவிட்டு, ஒரு கையால் தூக்கியே காட்டினாள். இஷ்தியாக் அகமது டீ டம்ளரைக் கீழே வைத்தார். "அட, இது அந்தப் பழசா? எவ்ளோ நாளும்மா தாங்கும்?"

"அஞ்சு வருசம் கண்ண மூடிகினு ஓடும் சார்," என்றாள் மெர்சி. குரலில் ஒரு மிதப்புகூட இருந்தது.

சொல்லி முடித்த பிறகுதான் இருவர் முகத்தையும் கவனித்தாள். வக்கார் சார் இஷ்தியாக்கைப் பார்த்தார். இஷ்தியாக் பூட்ஸைப் பார்த்தார். பிறகு இருவரும் உருதுவில் பேச ஆரம்பித்தார்கள், தணிந்த குரலில், வேகமாக. ஆம்பூரில் பிறந்து, இந்தக் கம்பெனியிலேயே வளர்ந்தவளுக்கு அது ஒன்றும் புரியாத பாஷை இல்லை. அப்படியானால் ஆர்டரை மறுக்க வேண்டியதில்லையே என்றார் இஷ்தியாக். ஒரு சீசன் என்ன, இரண்டு சீசனுக்கே பேசிவிடலாமே. பேட்டர்னைப் புது சாஃப்ட்வேரில் ஏற்றுவதற்காக லைனை நிறுத்த வேண்டியதில்லை, அவசரமே இல்லை. வக்கார் சாரின் முகத்தில் களை வந்துவிட்டிருந்தது. பல மாதம் கழித்து வந்த களை. அவர் மெர்சியைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் நன்றி இருந்தது. அது பொய்யில்லாத நன்றி என்பதுதான் கொடுமை.

"கிறிஸ்மஸுக்கு ஊருக்குப் போ மெர்சி. பொண்ணோட நல்லா இரு. ஜனவரில வந்து அடுத்தத ஆரம்பிச்சுடு. ஒரே ஒரு சீசன். அதுக்குள்ள புதுசுல ஏத்திடலாம்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "நான் கட்டாயப்படுத்தலம்மா. நீயே சொல்லு."

முடியாது என்கிற சொல் அவளுக்குள் இருந்தது. இதுவரை எப்போதும் இல்லாத அளவு மேலே வந்து, நாக்குக்குப் பின்னால் நின்றது. அந்தோணியின் குரல் கேட்டது, கிறிஸ்டியின் நெஜமாவாம்மா கேட்டது. எதிரே ஒரு மனிதர், அவள் அம்மாவின் குழிக்கருகே நனைந்து நின்றவர், பதிலுக்காகக் காத்திருந்தார். மேஜைமேல் அவள் சரிசெய்த லேப்டாப் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. இப்போது ஒரு தடவை செத்துப்போயேன் என்று அவள் வேண்டிக்கொண்டாள். அது அவள் வேலை ஆயிற்றே, எப்படிச் சாகும்?

"வீட்ல கேட்டு சொல்றேன் சார்," என்றாள்.

"கேளு, கேளு," என்றார் வக்கார் சார். அதற்குள் இஷ்தியாக் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போயிருந்தார்.

பேட்டர்ன் ரூமுக்குத் திரும்பி வந்து லேப்டாப்பைப் பழைய மேஜையிலேயே வைத்தாள். கௌசர் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி அட்டை வெட்டத் தொடங்கினாள். ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனிக்காரன் ஜனவரிவரை இடத்தை வைக்க மாட்டான். கிறிஸ்டி பள்ளிக்கூடத்தை நடுவில் விட்டுவிட்டு வர முடியாது. ஒரே ஒரு சீசன் என்பது போன தடவையும் ஒரே ஒரு சீசனாகத்தான் இருந்தது. இப்போதும் மேலே போய் முடியாது என்று சொல்லிவிடலாம், நாற்பது படிகூட இருக்காது. அவள் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தாள், எழுந்துகொள்ளப் போகிறவள் மாதிரி.

போன் அதிர்ந்தது. அந்தோணி ஒரு படம் அனுப்பியிருந்தான், கீழே ஒரு குரல் பதிவு. "பாப்பாவுக்கு ஸ்கூல் ஷூ கடிக்குதாம் மெர்சி. சனிக்கிழமை வரும்போது அங்கியே நல்லதா ஒண்ணு வாங்கிகினு வந்துடு. சைஸ் இன்னான்னு நீ பாத்தாலே தெரியும்ல, அதான் படம் புடிச்சு அனுப்பினேன்." பின்னால் கிறிஸ்டி சிரிக்கிற சத்தம் கேட்டது, கூசுதுப்பா என்று.

மெர்சி படத்தைத் திறந்தாள். சிமெண்டுத் தரையில் ஒரு கால். கணுக்காலுக்குக் கீழே சிவந்த தடம், சுண்டுவிரல் பக்கம் தோல் உரிந்த இடத்தில் மஞ்சள் வைத்திருந்தார்கள். ஜூனில் கடைசியாக அவள் கழுவித் துடைத்த கால் இதுதானா என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. கட்டைவிரல் நீண்டிருந்தது. பாதம் அகன்றிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்கேல் இல்லை, ஒரு தீப்பெட்டி இல்லை, கை இல்லை, வெறும் தரை.

"யார் காலு, கிறிஸ்டியா?" கௌசர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "இன்னா சைஸு இருக்கும்?"

மெர்சி இரண்டு விரலைத் திரையில் வைத்து விரித்தாள். கால் பெரிதானது. விரல்களைக் குவித்தாள். சிறிதானது. மறுபடி விரித்தாள்.